பத்து ரூபாய்க் காயினும் வெள்ளிக்கிழமை கவுன்ட்டரும்

போன வாரம் சங்கரி போன் செய்தாள். நான் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கியில், அதே திண்டிவனம் கிளையில், இப்போது வேலை பார்க்கிற பெண்.

"சார், ஸ்கூல் புள்ளைங்களுக்குச் சேமிப்பு பத்தி கிளாஸ் எடுக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்குது. ஸ்க்ரீன்ல படம் போட்டுக் காட்டணுமாம். நீங்க அந்தக் காலத்துல வாரா வாரம் ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தீங்களாமே. என்னா சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலம்மா. சில்லறை எண்ணிக்கினு இருந்தேன்."

அவள் சிரித்தாள். நான் தன்னடக்கத்தோடு பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. தன்னடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உண்மையைத்தான் சொன்னேன். குழந்தைகளுக்குச் சேமிப்பைப் பற்றி யாரும் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாது. படம் முடிவதற்குள் பின்வரிசை தூங்கிவிடும். அவர்களுக்கு நடந்ததெல்லாம் ஒரு மேசைக்கு முன்னால் நடந்தது. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். சங்கரிக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விழுப்புரம் தலைமை அலுவலகத்தில் பயிற்சி, பிறகு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்புக் கடன், பயிர்க் கடன் என்று சில காலம், பிறகு திண்டிவனம். வேலையில் நான் சுறுசுறுப்பு. ஆனால் எனக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று சில்லறை, இன்னொன்று குழந்தைகள். மூட்டையாகச் சில்லறையோடு யாராவது உள்ளே நுழைந்தால் எனக்கு டீ குடிக்கவேண்டும் போல இருக்கும்.

வசந்தா மேடம் எங்கள் கிளைக்கு மேலாளராக வந்தபிறகு அந்த டீ நின்றது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவுக்கு மூடி போடுவார். அந்த 'டிக்' சத்தம் கேட்டால் கிளையே நிமிர்ந்து உட்காரும். ஒருநாள் பால் ஊற்றுகிற பெரியவர் ஒருவர் துண்டில் முடிந்து பத்து ரூபாய்க் காயின்களைக் கொண்டுவந்தார். "நாளைக்கு வாங்க பெரியவரே" என்றேன். பின்னால் டிக் என்று கேட்டது.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்தில் பத்து ரூபாய்க் காயின் செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். பஸ்ஸில் வாங்க மாட்டார்கள், மளிகைக் கடையில் வாங்க மாட்டார்கள். வங்கி வாங்கும் என்று போர்டு வைத்தும் யாரும் நம்பவில்லை. வீட்டில் இப்படித் தேங்கிய காயின்களைப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாராள மனசோடு பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். "இந்தா கண்ணு, நீ வச்சிக்கோ." கடையில் செல்லாத காசுதான் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் கைச்செலவுக் காசாக இருந்தது. அதைக் கொண்டுபோய் மிட்டாய் வாங்கினால் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். பிள்ளைகள் பாவம், பையில் காசு குலுங்க, வாயில் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள்.

மேடம் இதைக் கவனித்திருந்தார். "ஏழுமலை சார், உங்களுக்குச் சில்லறை பழகணும். பிள்ளைங்களுக்கு பேங்க் பழகணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டையும் சேர்த்துப் பாத்துடலாம்" என்றார். ஓமந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எட்டாவது வரைக்கும் உள்ள நடுநிலைப் பள்ளி. அங்கே வராந்தாவில் ஒரு மேசை போட்டு, பிள்ளைகளுக்கென்று ஒரு கவுன்ட்டர். எனக்குத் தண்டனை என்று கிளையில் எல்லோரும் சிரித்தார்கள். தண்டனைதான்.

முதல் வெள்ளிக்கிழமை மேடமும் வந்தார். வரும்போதே வண்டியில் விதிகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். யாராக இருந்தாலும், மூன்றாவது படிக்கிற வாண்டாக இருந்தாலும், 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். கணக்கு ஆரம்பிக்கும்போது எதற்காகச் சேர்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கிரிக்கெட் மட்டை, கொலுசு, தம்பிக்குச் சட்டை, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பெயர் இருக்க வேண்டும். "பேர் இல்லாத பணம் கையில தங்காது சார்" என்றார். அதே சமயம், பணத்தைத் திரும்ப எடுக்க வரும்போது ஏன் எடுக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பெரியவர்களிடம் கேட்கிறோமா? கேட்பதில்லை. அவர்கள் பணம், அவர்கள் எடுக்கிறார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைசியாக ஒரு விதி சொன்னார், அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. பிள்ளை கையில் இருக்கிற மொத்தக் காசையும் முதலில் மேசைமேல் கொட்ட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னென்ன செலவு என்று வாய்விட்டுச் சொல்லி, அதற்கான காசை அந்தப் பிள்ளையே எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு மேசையில் மிச்சம் இருப்பதுதான் சேமிப்பு. மொத்தத்தையும் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்கக் கூடாது.

"மேடம், பணம் போட வர்றவங்கள வேணாம்னு சொல்ற பேங்க் நம்ம பேங்க்காத்தான் இருக்கும்" என்றேன்.

"எல்லாத்தையும் போட்டுட்டுப் போற பிள்ளை திங்கட்கிழமையே ஏங்கும். அடுத்த வாரம் வராது. பாருங்க."

அன்றைக்கு முதல் ஆளாக வந்து நின்றவன் தமிழரசன். எட்டாவது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, அரசியல்வாதி மாதிரி ஒரு சிரிப்பு. அவன் அம்மா ஊரில் ஏலச்சீட்டு நடத்துகிறவர், அதனால் பணம் கொடுக்கல் வாங்கல் அவனுக்குப் புதிதில்லை. காயின்களை வரிசையாக அடுக்கி, "எல்லாம் போட்டுக்குங்க சார்" என்றான்.

மேடம் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். "இந்த வாரம் உங்களுக்கு என்ன செலவு இருக்கு?"

'உங்களுக்கு' என்றதும் பின்னால் வரிசையில் சிரிப்பு. மேடம் யாரைக் கேட்கிறார் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குச் செலவே இல்ல மேடம்."

"ஐஸ் சாப்பிட மாட்டீங்களா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். கேட்டுக்கு வெளியே ஐஸ் வண்டி நின்றிருந்தது. "சாப்புடுவேன்" என்றான் மெதுவாக.

"அப்ப அதுக்கு எடுத்து வச்சிக்குங்க."

ஒரு காயினை எடுத்தான். பேனாவுக்கு இன்னொன்று. யோசித்துவிட்டுப் பேனாவுக்கு எடுத்ததைத் திரும்ப வைத்தான், பழையதில் மை இருக்கிறதாம். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு காயினை எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்து அவன் செய்த கணக்கை, பயிர்க் கடன் வாங்க வரும் பெரியவர்கள் பல பேர் செய்து நான் பார்த்ததில்லை. ஐஸ்காரர் காயின் வாங்க மாட்டார் என்பதால் செலவுக்கு எடுத்த காயின்களை நானே வாங்கிக்கொண்டு பத்து ரூபாய்த் தாள்களாகக் கொடுப்பேன். அந்தத் தாளுக்காகவே பாதிப் பிள்ளைகள் வந்தார்கள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்த கொல்லையில் மண்ணுக்குள் தப்பிக் கிடக்கும் காய்களைப் பொறுக்குவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கம். பொறுக்கியதைக் கடையில் போட்டால் காசு. அந்தப் பருவத்தில் கவுன்ட்டருக்கு வரும் கைகளெல்லாம் செம்மண்ணாக இருக்கும். அப்படித்தான் கௌசல்யாவை எனக்கு நன்றாகத் தெரிய வந்தது. அவளும் எட்டாவது. எவ்வளவு பொறுக்கினாலும் செலவுக்கு மிகக் குறைவாக எடுத்து வைப்பாள், நான் கொஞ்சம் சண்டை போட்டுத்தான் கூட எடுக்க வைக்க வேண்டும். எதற்குச் சேர்க்கிறாள் என்று கேட்டபோது மேசைமேல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "ஒன்பதாவதுக்கு சார்" என்றாள்.

அந்தப் பள்ளியில் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்குத் திண்டிவனம் போக வேண்டும். எட்டாவது வரைக்கும் சீருடை இலவசம், அதற்குமேல் துணி எடுத்து நாமே தைத்துக்கொள்ள வேண்டும். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, நினைப்பு வந்தால் பணம் அனுப்புவார். அம்மா மல்லிகா கொல்லை வேலைக்குப் போவார். பெண்பிள்ளையை எட்டாவதோடு நிறுத்திவிட அந்த வீட்டில் காரணம் தேட வேண்டியதில்லை. அதனால்தான் அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

மூன்று மாதம் போனபிறகு ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, எட்டாவது வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் எடுக்கிறார்கள். ஒரே தொகை, ஒரே நாள். கேட்கக் கூடாது என்பது விதி. எனக்கு நாக்கு அரித்தது. மேடத்திடம் சொன்னேன்.

"கேக்காதீங்க. ஆனா பாருங்க" என்றார்.

அடுத்த மாதம் பார்த்தேன். பணத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கழிவறைக்குப் பின்னால் இருக்கும் புங்க மரத்தடிக்குப் போனார்கள். நானும் மதில் ஓரமாகப் போய் நின்றேன். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், கௌசல்யாவும் ஒருத்தி. நடுவில் தமிழரசன். ஆளுக்கு இரண்டு பிஸ்கெட் கொடுத்தான். அவன் அம்மா வீட்டில் சீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீயும் பிஸ்கெட்டும் கொடுப்பார்கள், அந்த மரியாதை.

"சீட்டு ஐநூறு. யாராவது தள்றீங்களா?"

"இருபது தள்ளி எனக்கு."

"முப்பது."

"முப்பது ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ஏலச்சீட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்துப் பேர் மாதம் ஐம்பது போட்டால் ஐநூறு சேரும். அதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். அவசரம் உள்ளவர் "இவ்வளவு தள்ளி எனக்குக் கொடு" என்று கேட்பார். தள்ளிய பணத்தை எல்லோரும் லாபமாகப் பிரித்துக்கொள்வார்கள். அதிகம் தள்ளுபவருக்குச் சீட்டு. முதல் சீட்டு மட்டும் தள்ளாமல் நடத்துகிறவருக்குப் போகும், அது அவர் உரிமை. சுருக்கமாகச் சொன்னால், யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவர்தான் அதிகம் இழப்பார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதி வீடு இதில்தான் ஓடுகிறது. நாங்கள் மேசை போட்டுச் சேமிப்பு பழக்கினோம். பிள்ளைகள் அந்தச் சேமிப்பை வைத்து, வீட்டில் பார்த்ததை அப்படியே நடத்தினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்போதுதான் தமிழரசன் கௌசல்யா பக்கம் திரும்பினான். "உன் ஐம்பது எங்க?"

"அடுத்த வாரம் குடுத்துடறேன்."

"சீட்ட எடுத்தவங்களே கட்டலன்னா எப்படி?"

அவள் இரண்டாவது மாதமே நூற்றைம்பது தள்ளி, ஐநூறை முந்நூற்றைம்பதுக்கு எடுத்திருந்தாள். மல்லாட்டை பொறுக்கிய காசு இருந்தவரைக்கும் தவணை கட்டினாள். மழை பிடித்துக்கொண்டது, கொல்லையில் வேலை நின்றது, அவள் கையும் நின்றது.

நான் பார்த்ததைச் சொன்னதும், அடுத்த வெள்ளிக்கிழமை நேரில் வந்து பேசுகிறேன் என்று மேடம் சொன்னார். அதற்குள் மழை விடுமுறை விட்டுவிட்டார்கள். விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? பெரியவர்கள் செய்வதையே செய்தார்கள். தவணை தவறியவர் வீட்டுக்குச் சீட்டுக்காரர்கள் திரண்டு போய் வாசலில் உட்கார்ந்துகொள்வது வழக்கம். தமிழரசன் தலைமையில் கௌசல்யா வீட்டு வாசலில் குடைபிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

பள்ளி திறந்த வெள்ளிக்கிழமை நானும் மேடமும் போனபோது கௌசல்யா வரவில்லை. பெற்றோர்கள் வந்தார்கள். "பேங்க்காருதான் துட்டு ஆசையக் காட்டிப் புள்ளிங்கள கெடுத்துட்டாரு" என்று ஒருவர் என்னைக் கை நீட்டிச் சொன்னார். தலைமையாசிரியர் மேசையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். யாரோ விழுப்புரம் தலைமை அலுவலகத்துக்கும் போன் செய்திருந்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது, ஒழிந்தது சில்லறை என்று. ஆனால் வரிசையில் கௌசல்யா நிற்கும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தபோது அந்த நிம்மதி போய்விட்டது. அவளை விழுப்புரத்தில் பெரியம்மா இட்லிக் கடைக்கு ஒத்தாசையாக அனுப்பப்போகிறார்கள், சாயங்காலம் பஸ் என்று ஒரு பெண் சொன்னாள்.

மேடம் தலைமையாசிரியரிடம் ஒரு மணி நேரம் மட்டும் கேட்டார். சீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரையும் வராந்தாவில் வட்டமாக உட்கார வைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"கௌசல்யா தள்ளுன நூத்தம்பதுல உங்களுக்கு ஆளுக்கு எவ்வளவு வந்தது?"

"பதினஞ்சு மேடம்."

"அவங்க எதுக்காக அவ்வளவு தள்ளி எடுத்தாங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

தமிழரசன் நிமிர்ந்தான். குரலில் நியாயமான கோபம் இருந்தது. "நீங்கதான மேடம் எடுக்கறவங்ககிட்ட காரணம் கேக்கக் கூடாதுன்னு வச்சிருக்கீங்க. சாரும் கேக்கமாட்டாரு. அதான் நாங்களும் கேக்கல."

மேடம் கையில் இருந்த பேனாவுக்கு மூடி போட்டார். எனக்குப் பக்கென்றது. ஆனால் அவர் அவனைப் பார்த்து, "சரியாத்தான் சொல்றீங்க. அதை நான் பாதிதான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார். "உங்க சொந்தப் பணத்தை எடுத்தா பேங்க் கேக்காது. ஆனா கூட உக்காந்து படிக்கற பொண்ணு நூத்தம்பது நட்டத்துக்குப் பணம் கேக்கறாங்கன்னா, இன்னான்னு கேக்கறதுக்கு நீங்க பேங்க் இல்லையே. நீங்க அவங்க சிநேகிதங்கதான?"

பின்னால் ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். மேடம் அதற்குமேல் உபதேசம் செய்யவில்லை. இப்படிச் சீட்டு நடத்த உங்களுக்கு வயதும் இல்லை, சட்டமும் இல்லை, இன்றோடு முடித்துக் கணக்குத் தீர்த்துவிடலாம் என்று என் பக்கம் திரும்பினார். நான் கணக்குப் போட்டேன். பாதியில் நின்ற அந்த மாதச் சீட்டை விட்டுவிட்டு, தள்ளிய பணத்தையெல்லாம் அவரவர் திருப்பிக் கொடுத்துவிட்டால், நான்கு தவணை கட்டியிருந்த கௌசல்யா தர வேண்டியது நூற்றைம்பதுதான். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. முதல் சீட்டைத் தள்ளாமல் முழுசாக எடுத்துக்கொண்ட தமிழரசன் தர வேண்டியது முந்நூறு. வாசலில் போய் உட்கார்ந்தவன்தான் எல்லோரையும்விடப் பெரிய பாக்கிக்காரன்.

"நானா சார்?" என்று கேட்டான். மறுபடி கேட்டான். அவன் அரசியல்வாதிச் சிரிப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காணாமல் போனது. மேடம் கௌசல்யா வீட்டுக்குக் கிளம்ப எழுந்தபோது, "நானும் அவங்க வூட்டுக்கு வர்றேன் மேடம்" என்றான்.

மூன்று பேரும் போனோம். மல்லிகா கதவைப் பாதி திறந்தார். உள்ளே ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. கௌசல்யா பின்னால் நின்றிருந்தாள், எங்களைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"மறுபடி வாசல்ல உக்கார வந்தீங்களா?" என்று தமிழரசனைக் கேட்டார் மல்லிகா.

"இல்லத்தே. மன்னிப்பு கேக்க வந்தேன்" என்றான். ஒரே தெரு, அத்தை முறை போலிருக்கிறது. மல்லிகா மேடம் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் போட்டிருக்கற சீட்டுக்குத் தவண கட்ட முடியாம நாலு நாளா பேஜாரா இருந்துச்சு மேடம். இவ வந்து முந்நூத்தம்பது குடுத்தா. பேங்க்குல சேத்ததும்மான்னா. நானும் நம்பி வாங்கிக் கட்டிட்டேன். இது இன்னொரு சீட்டுக் கடன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒம்போது புள்ளிங்க வந்து வாசல்ல குந்திக்கினு துட்டக் குடுன்னா நான் எங்க போய் மூஞ்சிய வச்சிக்கறது? போதும். இவ படிச்சிக் கிழிச்சது போதும்."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கௌசல்யா கணக்கில் அறுநூறு ரூபாய்க்குமேல் தொடாமல் இருக்கிறது, அது எதற்கு என்றும் எனக்குத் தெரியும். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வாடிக்கையாளர் கணக்கை நாம் சொல்லக் கூடாது. வாடிக்கையாளருக்குப் பதின்மூன்று வயது என்றாலும் அப்படித்தான்.

மேடம் குனிந்து கேட்டார். "கௌசல்யா, நீங்க எதுக்குப் பணம் சேக்கறீங்கன்னு அம்மாகிட்ட சொல்லலாமா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒன்பதாவதுக்கு" என்றாள். "யூனிபார்ம் தைக்க. பேங்க்குல அறுநூறு இருக்குதும்மா."

மல்லிகாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அறுநூறு வச்சிக்கினு எதுக்குடி நூத்தம்பது நட்டப்பட்டுச் சீட்டு எடுத்த? அத எடுத்துக் குடுத்திருக்கலாமில்ல?"

"அது ஒன்பதாவது துட்டும்மா. அத எடுத்துட்டா, துணி எடுக்கத் துட்டில்ல, ஒன்பதாவது வேணாம்னு நீ சொல்லுவ."

மல்லிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேர் வைத்த பணம்தான் கையில் தங்கும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பெண் அதை எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தபோது என் கண் கலங்கிவிட்டது. நான் வெளியே போய் மழையைப் பார்ப்பதுபோல நின்றேன்.

உள்ளே மல்லிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்வது கேட்டது. "எங்க அக்காளுக்கு போன் போட்டுக் குடு. வரலன்னு சொல்லிடறேன். அவ கடைக்கு ஆளு கிடைக்கும்."

திரும்பி வரும்போது வண்டியில் திண்டிவனம் மேம்பாலம் வந்தபிறகு மேடம் சொன்னார். "காரணம் கேக்க வேணாம்ங்கற விதி இருக்கட்டும் சார். ஆனா எடுக்க வர்றவங்ககிட்ட இனிமே ஒண்ணு மட்டும் கேளுங்க. 'வேற வழி இருக்கான்னு சேர்ந்து பாக்கலாமா?' வேணாம்னா விட்டுடுங்க." அவர் ஒரு விதியை மாற்றி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் எழுதியதும் அவரே. கவுன்ட்டர் நிற்கவில்லை. நூற்றைம்பதைக் கௌசல்யா வாரா வாரம் கொஞ்சமாகக் கட்டித் தீர்த்தாள். தமிழரசனுக்குத்தான் முந்நூறைத் தீர்க்க முழுப் பரீட்சை வரைக்கும் ஆனது. அத்தனை வாரமும் ஐஸுக்கு மட்டும் எடுத்து வைத்துவிட்டுத்தான் பாக்கி கட்டினான்.

சங்கரி சொல்கிறாள், இப்போது பிள்ளைகள் காயினையே பார்ப்பதில்லையாம். "அம்மா போன எடுத்து ஸ்கேன் பண்ணிட்டு ஜல்தியா போயிடுதுங்க சார், எவ்ளோ போச்சுன்னே தெரியாது." இருக்கட்டும். கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறேன். புளியங்கொட்டை வைத்தாவது மொத்தத்தையும் கொட்டச் சொல், முதலில் செலவை எடுத்து வைக்கச் சொல், முக்கியமாக 'நீங்க' என்று கூப்பிடு என்றேன். குறித்துக்கொண்டாள். செய்வாள் என்றுதான் நினைக்கிறேன், அந்தப் பெண்ணுக்குப் பொறுமை என்னைவிட அதிகம். கௌசல்யா ஒன்பதாவது போனாள், அதற்குமேலும் படித்தாள். ஆனால் அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு அதெல்லாம் முதலில் ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்தத் தை மாதத்து வெள்ளிக்கிழமைதான் வருகிறது.

பொங்கல் முடிந்து மழை ஓய்ந்து நல்ல வெயில். வரிசையில் கௌசல்யாவுக்கு முன்னால் மல்லிகா நின்றிருந்தார். பிள்ளைகள் வரிசையில் ஒரு அம்மா நிற்பதைப் பார்த்து எல்லோரும் வழிவிட்டார்கள், அவர் போகவில்லை, முறைப்படியே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். எல்லாம் பத்து ரூபாய்க் காயின்.

"எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பிங்க சார்."

அந்தக் கவுன்ட்டர் பிள்ளைகளுக்கானது. பெரியவர்கள் கிளைக்குத்தான் வர வேண்டும். அதை மறுநாள் மேடத்திடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"எதுக்குச் சேக்கறீங்க?"

"பதினொண்ணாவதுக்கு" என்றார், பின்னால் இருந்த மகளைத் திரும்பிப் பார்க்காமல். "ஒன்பதாவதுக்குத்தான் அவளே சேத்துட்டாளே."

"இந்த வாரச் செலவுக்கு எடுத்து வச்சிட்டு மீதியக் குடுங்க."

"எனக்கு இன்னா சார் செலவு? எல்லாத்தையும் போட்டுக்குங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கௌசல்யா முன்னால் வந்தாள். மேசைமேல் இருந்து ஒரு காயினை எடுத்து அம்மா பக்கம் தள்ளி வைத்தாள். வீட்டில் அம்மாவை வா, போ என்று பேசுகிற பெண். அன்றைக்கு மேடம் மாதிரியே குனிந்து, மேடம் குரலிலேயே கேட்டாள்.

"ஐஸ் சாப்பிட மாட்டீங்களா?"

வரிசையில் சிரித்தார்கள். மல்லிகா சிரிக்கவில்லை. அவர் கடைசியாகத் தனக்கென்று ஒன்று வாங்கித் தின்றது எப்போது என்று யோசிக்கிறார் போலிருந்தது. கேட்டுக்கு வெளியே பார்த்தார்.

"சாப்புடுவேன்" என்றார்.

ஐஸ்காரர் வாங்க மாட்டார் என்பதால் அந்தக் காயினை நான் வாங்கிக்கொண்டு ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். வழக்கம்போல மகள் கையில் கொடுத்துவிடுவார் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு ஐஸ் வண்டிப் பக்கம் நடந்தார்.